கண் தெரியாதவர்களுக்கு ஒரு வெப்சைட்

அந்த வெப்சைட்டைத் திறந்த உடனே முருகன் பாட்டு அலறும். அலறும் என்றுதான் சொல்ல வேண்டும். நாதஸ்வரம், தவில், நடுவில் ஒரு பெண் குரல், பின்னால் மணிச் சத்தம். அதை நிறுத்துவதற்குத் திரையின் மூலையில் எங்கோ ஒரு பட்டன் இருக்கிறதாம், பார்த்தவர்கள் சொன்னார்கள். எனக்குக் கண் தெரியாது. பிறந்ததிலிருந்தே தெரியாது. என் ஃபோனில் விரல் வைத்த இடத்தில் என்ன இருக்கிறதோ அதை ஒரு குரல் படித்துச் சொல்லும். அந்தக் குரலை வைத்துத்தான் நான் பேப்பர் படிக்கிறேன், பணம் அனுப்புகிறேன், பள்ளிக்கூடத்தில் வரலாற்றுப் பாடத்துக்குக் குறிப்பு எடுக்கிறேன். அந்தக் குரலை இந்தப் பாட்டு அப்படியே அமுக்கிவிடும். பாட்டை நிறுத்தும் பட்டனைத் தேட வேண்டுமானால் குரல் கேட்க வேண்டும். குரல் கேட்க வேண்டுமானால் பாட்டு நிற்க வேண்டும். நல்ல கூத்து!

இது ஏதோ கோயில் வெப்சைட் என்று நினைத்துவிடாதீர்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவி செய்கிற ஒரு டிரஸ்ட்டின் வெப்சைட். திருத்தணி மலையடிவாரத்தில் அவர்களுடைய அலுவலகம். மூன்று சக்கர வண்டி, காது மிஷின், வெள்ளைக் கோல் எல்லாம் கொடுப்பார்கள். நல்ல மனிதர்கள்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல மனிதர்களோடு சண்டை போடுவதுதான் இருப்பதிலேயே கஷ்டம். கெட்டவன் என்றால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வரலாம். இவர்கள் காபி கொடுத்துவிடுவார்கள்.

ஆனி மாதக் கடைசியில் அவர்களுடைய அறிவிப்பு ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டு வந்தது. என் ஃபோன் அதைத் தொட்டதும் "படம்" என்றது. அவ்வளவுதான். பார்வை இல்லாதவர்களுக்கான அறிவிப்பைப் படமாகப் போட்டிருக்கிறார்கள்! பள்ளியில் கணக்கு டீச்சர்தான் வாசித்துக் காட்டினார். நடுவயதில் பார்வை போனவர்களுக்குச் சென்னையில் மூன்று மாதம் தங்கிப் பயிற்சி. கோல் பிடித்துத் தனியாக நடப்பது, அடுப்பில் சமைப்பது, ஃபோன், கம்ப்யூட்டர் எல்லாம் சொல்லித் தருவார்கள். சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். நம் பக்கத்து ஆட்களுக்குக் கொஞ்சம் இடங்கள்தான். ஆடிக் கிருத்திகைக்குள் வெப்சைட் வழியாக விண்ணப்பிக்க வேண்டும்.

கேட்ட உடனே எனக்கு ஆர்.கே.பேட்டைக்காரிதான் நினைவுக்கு வந்தாள்.

எங்கள் பள்ளியில் சத்துணவு சமைக்கும் அம்மாவுக்கு அவள் தூரத்து உறவு. சர்க்கரை வியாதி முற்றி, இரண்டு கண்ணும் அடுத்தடுத்துப் போய்விட்டது. என்னைவிட நாலைந்து வயது சின்னவள், அவ்வளவுதான். "உன்ன மாரியே ஒரு பொண்ணும்மா, பேசு கொஞ்சம்" என்று அந்த அம்மா நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனார். உன்னைப் போலவே என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கண் தெரியாத எல்லோரும் ஒன்றா என்ன? ஆனாலும் பேசினேன். முதல் நாள் அவள் அழுதாள். இரண்டாம் நாள் சிரித்தாள். மூன்றாம் நாள் ஃபோனில் பேசும் குரலை எப்படிப் போடுவது என்று கேட்டாள். கெட்டிக்காரி. ஒரு மாதத்தில் என்னைவிட வேகமாகத் தடவ ஆரம்பித்துவிட்டாள். பேச்சுக்குப் பேச்சு "அக்கா, அக்கா" என்பாள்.

அவள் வீட்டில் விசைத்தறி. கணவர், அவள் 'பாவா' என்று கூப்பிடுகிறவர், காலையிலிருந்து தறியோடு நிற்பார். இவள் பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்றுவாள். ஊடை நூலைச் சின்னக் குழலில் சுற்றும் வேலை அது, கை பழகியிருந்தால் கண் வேண்டாம். மற்ற எதற்கும் அவளுக்கு ஆள் வேண்டும்.

"பின்னால கக்கூசுக்குப் போணும்னாகூட தறி நிக்கற வரைக்கும் காத்துகினு இருக்கணும்க்கா" என்று ஒரு நாள் சொன்னாள். "நான் கூப்டறது அந்தச் சத்தத்துல பாவாக்குக் கேக்காது. கேட்டாலும் நூலு அறுந்துடும்னு உடனே வர முடியாது. நான் தண்ணி குடிக்கறதயே கொறச்சிக்கினேன்."

சர்க்கரை வியாதிக்காரி தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டேன் என்கிறாள். போன வருடம் இதே டிரஸ்ட் அவளுக்கு ஒரு வெள்ளைக் கோல் கொடுத்திருந்தது. கணவர் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தார். அது சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, ஏனென்றால் அதை எப்படிப் பிடிப்பது என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

பயிற்சியைப் பற்றி அவளிடம் சொன்னேன். "நான் போவணும்க்கா" என்றாள். அதற்கடுத்து, "ஆனா பாவாக்குத் தெரியாம எழுதிப் போடணும்" என்றாள்.

அவளுடைய பாவாவை நான் குறை சொல்ல மாட்டேன். குடிக்காதவர், அடிக்காதவர், மனைவியை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக டிவிஎஸ்ஸில் வைத்துக்கொண்டு அலைந்தவர். ஆனால் எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான். "உனுக்கு இன்னா கொறச்சலு? நான்தான் இருக்கேனே." இடம் கிடைத்துவிட்டது என்று கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் ஒருவேளை மசிவார். போகட்டுமா என்று முதலிலேயே கேட்டால் அவ்வளவுதான், பேச்சே முடிந்துவிடும். பக்கத்து வீடு மாமியார் வீடு. தெருமுனை இ-சேவை மையக்காரர் கணவரோடு படித்தவர். யாரிடமும் எழுதித் தரச் சொல்ல முடியாது. அவளே, அவள் ஃபோனில், அவள் கையால் எழுதிப் போட வேண்டும். வேறு வழியில்லை.

அதற்குத்தான் அந்த வெப்சைட்டைத் திறந்தோம். அவள் அங்கே, நான் இங்கே. இரண்டு ஃபோனிலும் முருகன் பாட்டு.

பாட்டு தானாக முடியும்வரை காத்திருந்து விரலை வைத்தால், அடுத்த கண்றாவி. என் ஃபோன் தமிழைப் படிக்கவில்லை. "ஜே பி யூ ஜே செமிகோலன் ஜே இசட் பி" என்று ஏதோ பேய் பிடித்ததுபோல ஆங்கில எழுத்துகளாக உளறியது. கீழே இறங்கினால் "பட்டன், பட்டன், பட்டன்" என்று மூன்று பட்டன். எதற்கு என்று பெயர் கிடையாது. ஒன்றை அழுத்தினேன், மறுபடியும் பாட்டு ஆரம்பித்தது. தட்டுத் தடுமாறி விண்ணப்பப் பக்கத்துக்குப் போனால், கடைசியில் "படம்" என்று ஒன்று. அந்தப் படத்தில் கோணல்மாணலாக இருக்கும் எழுத்துகளைப் பார்த்து டைப் செய்தால்தான் விண்ணப்பம் போகுமாம். பார்வை போனவர்கள் விண்ணப்பிக்கும் இடத்தில், பார்த்து டைப் செய்! ஃபோனைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல வந்தது. என் காசில் வாங்கிய ஃபோன் என்பதால் விட்டேன்.

மறுநாள் பள்ளி விட்டதும் நேராக டிரஸ்ட் அலுவலகத்துக்குப் போனேன்.

தலைவர் ஜவுளி வியாபாரம் பார்த்து ஓய்ந்தவர். வாசலிலேயே என் கையைப் பிடித்துவிட்டார். "வாங்க டீச்சர், பாத்து, பாத்து. யாரு கூட வந்தீங்க?"

"தனியாத்தாங்க வந்தேன்."

"தனியாவா! ஐயையோ" என்றார். பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் பாடம் எடுக்கிறவள் ஷேர் ஆட்டோவில் வந்ததற்கு ஐயையோ.

காபி வந்தது. விஷயத்தைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இவ்ளோ சிரமம் எதுக்குங்க? அந்தப் பொண்ண இங்க இட்டுகினு வரச் சொல்லுங்க. நம்ம ஆபீஸ் பொண்ணே எழுதிக் குடுத்துடும்" என்றார்.

"தனியா வர முடிஞ்சா பயிற்சி எதுக்குங்க?"

"வூட்டுக்காரர் இட்டுகினு வரட்டும்."

"யார் துணையும் இல்லாம தானே எழுதணும்னு ஒருத்தங்க நினைக்கலாம் இல்லீங்களா?"

"ஏன், துணை இருந்தா இன்னாங்க தப்பு?" என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. எனக்கு அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

எழுத்து, பட்டன், படம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார் போல. "செஞ்சிடலாம், செஞ்சிடலாம்" என்றார். கடைசியில் பாட்டுக்கு வந்தேன். மூலையில் டைப் அடித்துக்கொண்டிருந்த அலுவலகப் பெண் கையை நிறுத்திவிட்டாள்.

"சாமி பாட்ட நிறுத்தச் சொல்றீங்களா?" என்றார் தலைவர்.

"நிறுத்தச் சொல்லலீங்க. தானா ஆரம்பிக்க வேணாம். கேக்கணும்னு ஆசைப்படறவங்க பட்டனைத் தொட்டுக் கேக்கட்டும்."

"மலையடிவாரத்துல உக்காந்துகினு, கிருத்திகை வர்ற நேரத்துல, முருகன் பாட்ட எடுக்கறதா? என் கையால அது ஆவாதுங்க."

வெப்சைட் வேலை பார்ப்பவரிடம் பேசிப் பார்க்கலாம் என்று போனேன். அவர் பைபாஸ் பக்கம் ஃபிளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கிறார். டிரஸ்ட்டின் பேனர்களையும் அவர்தான் அடிப்பார், வெப்சைட்டையும் அவர்தான் செய்தார். பேனரில் எப்படி நன்கொடையாளர் படங்களைச் சுற்றிலும் போட்டு நடுவில் அறிவிப்பைப் போடுவாரோ, அதையே வெப்சைட்டிலும் செய்திருந்தார். பாட்டு என்றதும் அவரும் பின்வாங்கினார். "மேடம், எழுத்த மாத்தச் சொல்லுங்க, மாத்தறேன். கலர மாத்தச் சொல்லுங்க, மாத்தறேன். அந்தப் பாட்டு மேல நான் கைய வெக்க மாட்டேன். ரெண்டு புள்ளைங்க இருக்குது எனக்கு."

ஆக, திருத்தணியில் முருகன் பாட்டை நிறுத்துகிற பாவத்தைத் தன் தலையில் போட்டுக்கொள்ள ஒரு ஆள் கிடையாது. நான் செய்கிறேன், எந்தப் பட்டன் என்று சொல்லுங்கள் என்றேன். அதற்கும் அவர் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார்.

கடைசியில் தலைவரே ஒரு வழி கண்டுபிடித்தார். பூக்கட்டிப் பார்ப்பது. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் பாட்டை நிறுத்த முருகன் உத்தரவு கொடுத்துவிட்டார், சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறார். கல்யாணத்துக்கும் நிலம் வாங்குவதற்கும் எங்கள் பக்கம் பூக்கட்டிப் பார்ப்பார்கள். வெப்சைட்டுக்குப் பார்த்தது நாங்களாகத்தான் இருக்கும். அதையும் உடனே செய்தாரா? இல்லை. செவ்வாய்க்கிழமைதான் நல்ல நாள் என்று அடுத்த செவ்வாய் வரை தள்ளினார். அன்று யாரோ தூரத்துப் பங்காளி இறந்து தீட்டு என்று அதற்கடுத்த செவ்வாய்க்குப் போயிற்று. இங்கே கிருத்திகை நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் தினமும் ஃபோன் செய்து, "பூ போட்டாங்களாக்கா?" என்று கேட்பாள். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. சாமி மேல் கோபப்பட எனக்குத் தைரியம் உண்டு, ஆனால் அவர் என்ன செய்தார் பாவம்.

அந்த இடைவெளியில் ஃபிளெக்ஸ் கடைக்காரர் கடைக்கு நடையாய் நடந்தேன். அவருக்கு அது பேனர் சீசன். கிருத்திகைக்கு வரும் பக்தர்களை வருக வருக என வரவேற்கும் பேனர்கள், அன்னதானப் பேனர்கள். மிஷின் ஓய்வில்லாமல் ஓடும், மை நாற்றம் தலைவலிக்கும். "ரெடி மேடம்" என்று ஒரு நாள் சந்தோஷமாகக் கூப்பிட்டார். போய்த் திறந்தேன். அதே உளறல்.

"இன்னாங்க மாத்தினீங்க?"

"எழுத்தெல்லாம் நல்லாப் பெருசு பண்ணிட்டேன் மேடம். மேல ஒருத்தர் கூலிங் கிளாஸ் போட்டுகினு குச்சி புடிச்சிகினு நிக்கற மாரி படமும் வெச்சிட்டேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். நிஜமாகவே அடித்துக்கொண்டேன், கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு என் ஃபோனை அவர் காதருகில் நீட்டி, வெப்சைட்டின் தலைப்பில் விரலை வைத்தேன். "ஜே பி யூ ஜே செமிகோலன் ஜே இசட் பி" என்றது.

"இது இன்னா மேடம்?"

"நீங்க அடிச்ச திருத்தணிங்க."

அவர் மிஷினை நிறுத்திவிட்டு வந்தார். இன்னொரு தடவை வைக்கச் சொல்லிக் கேட்டார். பேனர் அடிக்கும் பழைய எழுத்துருவில், ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் முகமூடி மாட்டி வைத்திருக்கிறது. பார்ப்பவர்களுக்குத் தமிழ். ஃபோனுக்கு அடியில் இருக்கும் ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். அதை அவருக்குப் புரியவைக்க அந்த ஒரு நிமிஷம் போதுமாக இருந்தது. அத்தனை நாள் நான் பேசிய பேச்சுக்குப் பதில் முதல் நாளே ஃபோனை நீட்டியிருக்கலாம்.

அதற்குப் பிறகு மனிதர் வேலையில் இறங்கிவிட்டார். பேனர்களுக்கு நடுநடுவே ஒவ்வொரு வரியாக, ஃபோனுக்கும் தமிழாகவே தெரியும் ஒருங்குறியில் மறுபடி அடித்தார். பட்டன்களுக்குப் பெயர் வைத்தார். "படத்தப் பாத்து டைப் பண்றத எடுத்தா ரோபோ வந்துடும் மேடம்" என்று பயந்தார். ஆர்.கே.பேட்டையிலிருந்து எந்த ரோபோவும் வராது, தைரியமாக எடுங்கள் என்றேன். எடுத்துவிட்டு ஒரு சின்னக் கூட்டல் கணக்கு வைத்தார். ஃபோன் அதை அழகாகப் படித்தது.

செவ்வாய் வந்தது. மலைமேல் பூப் போட்டார்கள். அலுவலகப் பெண் எனக்கு ஃபோன் செய்து, "டீச்சர், வெள்ளை!" என்று கத்தினாள். முருகனுக்காவது விவரம் இருந்ததே என்று நினைத்துக்கொண்டேன். அன்று சாயங்காலமே பாட்டு நின்றது.

கிருத்திகைக்கு முந்தின நாள். எங்கள் தெருவில் காவடிகள் போகத் தொடங்கிவிட்டன. அவள் அங்கே தார் சுற்றும் இடத்திலேயே உட்கார்ந்து, ஒரு காதில் இயர்ஃபோனைச் செருகிக்கொண்டு, முந்தானைக்குள் ஃபோனை வைத்துக்கொண்டு எழுதினாளாம். பத்தடி தள்ளிக் கணவர், நடுவில் தறிச் சத்தம். பெயர். வயது. பார்வை போனது எப்போது. ஏன் இந்தப் பயிற்சி வேண்டும் என்ற இடத்தில், "என் வேலைகளை நானே செய்துகொள்ள" என்று எழுதினாளாம். தொடர்புக்குத் தன் நம்பரையே கொடுத்தாள். அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"போட்டுட்டேங்க்கா. 'நன்றி, உங்கள் விண்ணப்பம் கிடைத்தது'ன்னு சொல்லிச்சுக்கா. யாரும் படிச்சுக் காட்டல. எனக்கே சொல்லிச்சு."

அவள் அழுதாளா சிரித்தாளா என்று அந்தத் தறிச் சத்தத்தில் தெரியவில்லை. நான் அழுதேன். இத்தனைக்கும் சட்டென்று அழுகிறவள் இல்லை நான்.

கிருத்திகை முடிந்து, ஊரில் கூட்டம் வடிந்து, பள்ளி திறந்தது. விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று பார்ப்பதற்கு வெப்சைட்டில் ஒரு பக்கம் இருந்தது. அதையும் படிக்கும்படி செய்ய வேண்டும் என்று நான்தான் ஃபிளெக்ஸ் கடைக்காரரை நச்சரித்திருந்தேன். ஒரு மதியம், கணவருக்குச் சோறு போட்டுவிட்டு, தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே அவள் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். குரல் தெளிவாகச் சொன்னது. "உங்கள் விண்ணப்பம் குடும்பத்தாரின் விருப்பப்படி ரத்து செய்யப்பட்டது."

நடந்தது இதுதான். விண்ணப்பத்தைப் பார்த்த அலுவலகப் பெண்ணுக்குச் சந்தேகம். கண் தெரியாதவர் இதை எப்படித் தானே எழுதியிருக்க முடியும்? யாரோ எழுதிப் போட்டிருக்கிறார்கள். வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம். வெள்ளைக் கோல் கொடுத்தபோது வாங்கின கணவர் நம்பர் கைவசம் இருந்தது. அவருக்கு ஃபோன் செய்து, உங்கள் வீட்டம்மாவை மூன்று மாதம் அனுப்புகிறீர்களா என்று கேட்டிருக்கிறாள். அவர் வேண்டாம் என்றிருக்கிறார். அலுவலகப் பெண் ரத்து என்று போட்டுவிட்டாள்.

"பாவா, டிரஸ்ட்டுல இருந்து போன் வந்துச்சா?" என்று இவள் கேட்டாளாம்.

"ஆங், வந்துச்சு. யாரோ உன் பேர்ல எழுதிப் போட்டுக்கிறாங்கோ. வேணாம்னுட்டேன்."

"யாரோ இல்ல பாவா. நான்தான் எழுதனேன்."

"நீ எப்படி எழுதுவ?"

அவள் இயர்ஃபோனைப் பிடுங்கிவிட்டு, ஃபோனின் சத்தத்தைக் கூட்டி அவர் முன்னால் வைத்து, விண்ணப்பப் பக்கத்தைத் திறந்து மேலிருந்து கீழாகத் தடவிக் காட்டியிருக்கிறாள். பெயர். வயது. பார்வை போனது எப்போது. அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். ஏன் பயிற்சி வேண்டும் என்ற இடத்துக்கு வந்ததும், அங்கே என்ன எழுதியிருந்தாள் என்பதை வாயாலேயே சொன்னாளாம். அன்று மதியம் அவர் தறிக்குப் போகவில்லை. மறுநாள் காலை அவளை டிவிஎஸ்ஸில் பின்னால் உட்காரவைத்துத் திருத்தணிக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நான் பள்ளிக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு ஓடினேன்.

அலுவலகத்தில் அவர்கள் இரண்டு பேரும் எதிரில் நிற்க, அலுவலகப் பெண் கணவரிடம்தான் பேசினாள். "சார், நீங்கதானே வேணாம்னீங்க?"

"ஆமாங்க, சொன்னேன். நீங்க என்னைக் கேட்டீங்க, சொன்னேன்" என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது. "என்னை எதுக்குங்க கேட்டீங்க? எழுதனது இவதானே. இவளக் கேளுங்க."

அவள் முன்னால் நகர்ந்தாள், மேஜை இடித்த சத்தம் கேட்டது. "நான் போறேங்க. எப்ப வரணும், சொல்லுங்க" என்றாள்.

இடத்தைத் திருவாலங்காட்டுக்காரர் ஒருவருக்குக் கொடுத்தாயிற்று என்றாள் அலுவலகப் பெண். அவர் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தும் விட்டாராம். "பாவங்க டீச்சர், கண்ணு தெரியாதவங்க, யாராவது ஏமாத்திடப் போறாங்கோன்னுதான் நான் கேட்டேன்" என்று என்னிடம் வந்து சொன்னாள். அவளும் கெட்டவள் இல்லை. அழுதுவிடுவாள் போல இருந்தாள்.

"திருவாலங்காட்டுக்காரர் வீட்லயும் ஃபோன் பண்ணிக் கேட்டியாம்மா?" என்றேன்.

"இல்லீங்க டீச்சர், அவரு ஆம்பளைங்களே" என்றாள்.

பேனர் மிஷின்காரரோடு மல்லுக்கட்டினேன், செவ்வாய்க்கிழமைகளோடு மல்லுக்கட்டினேன், ஆறுமுகனிடமே உத்தரவு வாங்கினேன். இதற்கு நான் எந்தப் பட்டனை மாற்றச் சொல்வது?

தலைவர் வந்தார். எல்லாவற்றையும் கேட்டு வருத்தப்பட்டார். வந்தவர்களுக்குக் காபி சொன்னார். அடுத்த வருடம் கட்டாயம் இவளுக்குத்தான் முதல் இடம் என்றார். அடுத்த வருடம்! அதுவரைக்கும் அவள் தண்ணீரைக் குறைத்துக் குடிக்க வேண்டும். கணவர், "தறிய அப்பப்போ நிறுத்திட்டு நான் பாத்துக்கறேன்" என்று என்னிடம் சொன்னார். அவள் காபியைத் தொடவில்லை.

கிளம்பும்போது தலைவர் என்னை மட்டும் நிறுத்தினார். "டீச்சர், உங்களாலதான் வெப்சைட் நல்லாயிருக்குது. இனிமே இந்த மாரி கொழப்பம் வரவே கூடாது, அதுக்கு ஒரு வழி தோணுச்சு எனக்கு" என்றார். என்ன வழி என்று கேட்டேன். அவர் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். சத்தமாகவே சொன்னேன். இருப்பதையும் கெடுக்காதீர்கள் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே முதுகில் தட்டிக் கொடுத்து, ஆட்டோ ஏற்றிவிட்டார்.

ஒரு வாரம் கழித்து ஃபிளெக்ஸ் கடைக்காரர் ஃபோன் செய்தார். "மேடம், தலைவர் சொன்னத போட்டுட்டேன். உங்களக் கேட்டுத்தான் முடிக்கணும்னாரு. ஃபோன்ல சரியா வருதான்னு செக் பண்ணிச் சொல்லுங்க."

திறந்தேன். பாட்டு இல்லை. உளறல் இல்லை. பெயர் என்ற இடத்துக்குக் கீழே விரலை வைத்தேன். "கணவர் அல்லது தந்தையின் சம்மதம். பெண் விண்ணப்பதாரர்கள் கட்டாயம் நிரப்ப வேண்டும்" என்று படித்தது.

ராத்திரி ஆர்.கே.பேட்டையிலிருந்து அவள் கூப்பிட்டாள். அவளுக்கும் விஷயம் எட்டியிருந்தது.

"புதுசா ஏதோ போட்டுக்கிறாங்களாமே, படிக்குதாக்கா?" என்றாள்.

"படிக்குதுடி" என்றேன். "நல்லாப் படிக்குது."